ஏப்ரலில் கல்லூரி, மே மாதம் தொழில்: நடுவில் உடம்புக்கு எத்தனை நாள்?

2024 ஏப்ரல் 7ஆம் தேதி அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தின் இறுதிப் போட்டி. தென் கரோலைனாவிடம் அயோவா 87-75 என்று தோற்றது. 15ஆம் தேதி டிராஃப்ட், அதாவது தொழில்முறை அணிகள் புதுமுகங்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாள். அயோவாவின் கேட்லின் கிளார்க்கை இண்டியானா ஃபீவர் முதல் ஆளாக எடுத்தது. 28ஆம் தேதி பயிற்சி முகாம். மே 14 அன்று முதல் தொழில்முறை ஆட்டம். 20 புள்ளிகள் எடுத்தார், 10 டர்ன்ஓவர். அமெரிக்கப் பெண்களின் தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏவில் அறிமுக ஆட்டத்தில் அத்தனை முறை பந்தை விட்டவர் அதுவரை யாரும் இல்லை.

அந்த 10-ஐ வைத்து ரசிகர்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. எனக்குப் பிசியோதெரபிதான் தொழில். அதனால் கண் போனது தேதிகள் மேல். இறுதிப் போட்டிக்கும் முதல் ஆட்டத்துக்கும் நடுவில் 37 நாள். அதற்குள் டிராஃப்டுக்காக நியூயார்க் போய்வர வேண்டும், ஊர் மாற வேண்டும், புது அணியின் ஆட்டமுறையை மனப்பாடம் செய்ய வேண்டும். படிப்பு முடியாதவர்களுக்குப் பரீட்சையும் உண்டு. உடம்பு தேறுவதற்கென்று தனியாக ஒரு வாரம் ஒதுக்கியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கிளார்க் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் கடைசிப் பருவத்தில் 39 ஆட்டம், தொடர்ந்து ஃபீவருக்காக 40, அப்புறம் பிளேஆஃப் 2. நவம்பரில் தொடங்கியது அடுத்த செப்டம்பரில்தான் முடிந்தது. நடுவில் கிடைத்த ஒரே நீண்ட ஓய்வு பாரிஸ் ஒலிம்பிக்குக்காக லீக் விட்ட சுமார் ஒரு மாத இடைவேளை. அதற்கு முன் ஃபீவர் 11 வெற்றி, 15 தோல்வி; பின்னால் 9 வெற்றி, 5 தோல்வி. ஓய்வு மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஒருவரோடு ஒருவர் பழகவும் அந்த மாதம் உதவியிருக்கும். 2025இல் தசைக் காயங்களால் அவரால் 13 ஆட்டங்களே ஆட முடிந்தது. அதற்கும் முந்தைய ஆண்டின் சுமைக்கும் வெளியிலிருந்து முடிச்சுப் போடுவது நியாயமில்லை. ஆனால் என்னிடம் ஒருவர் இப்படி ஒரு அட்டவணையோடு வந்தால், முதல் கேள்வி தூக்கத்தைப் பற்றித்தான் இருக்கும்.

சரி, ஆட்டத்தில் என்ன மாறுகிறது? மூன்று புள்ளிக் கோடு தள்ளிப்போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். 2021-22 பருவத்திலிருந்து கல்லூரியிலும் வளைவில் அதே 6.75 மீட்டர்தான். மாறுவது ஷாட் கிளாக், அதாவது பந்து கைக்கு வந்ததும் கூடையை நோக்கி எறிவதற்கான கெடு. கல்லூரியில் 30 வினாடி, இங்கே 24. அந்த ஆறு வினாடி குறைவதால் ஓடுவதும் சட்டென்று நிற்பதும் கூடுகிறது. முட்டி அடிபடுவது பெரும்பாலும் நிற்கும்போதும் திரும்பும்போதும்தான். டபிள்யூஎன்பிஏவில் தடுப்பாளர் தன் ஆளை விட்டுவிட்டு கூடைக்கு அடியில் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. கல்லூரியில் பின்னால் ஒருவர் நிற்கிறார் என்ற தைரியத்தில் தடுத்தவர், இங்கே தன் ஆளைத் தன் காலாலேயே தடுத்தாக வேண்டும்.

எதிரே நிற்பவரின் வயதும் மாறிவிடுகிறது. இருபது வயதுப் பெண்களை மோதித் தள்ளிப் பழகியவர், பத்து வருடம் ஜிம்மில் உடம்பை ஏற்றிய முப்பது வயதுக்காரியிடம் மோதுகிறார். கிளார்க்கோடு அதே டிராஃப்டில் வந்த ஏஞ்சல் ரீஸ் முதல் ஆண்டிலேயே ஆட்டத்துக்கு 13.1 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். கூடைக்கு அடியில் நின்று எறிந்ததோ அதிகம் உள்ளே போகவில்லை. மொத்தத்தில் 39 சதவீதம்தான் விழுந்தது. அடுத்த ஆண்டு அது 45-ஐத் தாண்டியது. மோதலை வாங்கிக்கொண்டு எறிவதற்கு இடுப்பிலும் வயிற்றிலும் வலு வேண்டும். அந்த வலு மாதக்கணக்கில்தான் ஏறும், 37 நாளில் ஏறாது.

இதுவரை சொன்னது நட்சத்திரங்களின் பாடு. எனக்குப் பெரிய கவலை பெஞ்சில் உட்காருகிறவர்களைப் பற்றியது, அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதும் இல்லை.

கல்லூரியில் ஆட்டத்துக்கு 34, 35 நிமிடம் ஆடிய பெண்ணுக்கு இங்கே ஐந்து நிமிடம் கிடைக்கும், சில நாள் அதுவும் கிடைக்காது. நான்கு மாதச் சொச்சத்தில் 40க்கும் மேல் ஆட்டங்களைத் திணிப்பதால் முழு வேகப் பயிற்சிக்கு நாளே இருக்காது. இரண்டு மூன்று வாரத்தில் உடம்பின் தயார்நிலை சத்தமில்லாமல் இறங்கிவிடும். திடீரென்று ஒருநாள் முன்னணி ஆட்டக்காரருக்குக் கணுக்கால் சுளுக்கும். அன்றைக்கு இவர் 28 நிமிடம் ஆட வேண்டும். தொடை பின்தசை கிழிவது, முட்டிச் சில்லின் கீழே தசைநாண் வலிப்பது எல்லாம் இப்படிப்பட்ட வாரங்களில்தான் எங்களிடம் வருகின்றன. நல்ல அணிகளில் ஆட்டம் முடிந்ததும் ஆடாதவர்களைத் தனியாக ஓடவிடுவார்கள். தோற்ற இரவில், காலி அரங்கத்தில் அப்படி ஓடுவது எந்தப் பெண்ணுக்கும் பிடிக்காது. ஆனாலும் ஓடத்தான் வேண்டும்.

மனசுக்கும் அதே பெஞ்ச்தான் பாரம். 2024இல் 12 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 12 பேர், ஆக மொத்த லீக்குக்கும் 144 இடம். டிராஃப்டில் 36 பேரை எடுத்தார்கள். பெயர் வாசிக்கப்பட்டதால் மட்டும் வேலை நிலைத்துவிடாது. 2020இல் சிறந்த புதுமுக விருது வாங்கிய கிரிஸ்டல் டேஞ்சர்ஃபீல்டை 2022 பருவம் தொடங்கும் முன் மின்னசோட்டா விடுவித்தது. 2021இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சார்லி காலியரை 2023இல் டாலஸ் விடுவித்தது. இந்தப் பயத்தில் பெண்கள் வலியை மறைக்கிறார்கள். அணி மருத்துவரிடம் சொன்னால் இடம் போய்விடும் என்று வெளியே ரகசியமாக வருகிறவர்கள் உண்டு. வருகிறவரைத் திட்டிப் பயனில்லை. இரண்டு நாள் வலியும் இரண்டு வாரத்து வலியும் ஒன்றில்லை என்று மட்டும் சொல்லுவேன். பாதத்தின் நடு எலும்பில் விரல் வைத்து அழுத்தினால் ஒரே புள்ளியில் வலிக்கிறதா? அன்றே ஸ்கேன், பேச்சே கிடையாது.

சாப்பாட்டில் சறுக்குகிறவர்களும் நிறைய. கல்லூரியில் உணவுக்கூடம் இருந்தது, தட்டைப் பார்த்துத் திட்ட உணவியல் நிபுணர் இருந்தார். இப்போது தனி அபார்ட்மெண்டில், இரவு பதினொரு மணிக்கு, களைப்போடு ஒரு கிண்ணம் சீரியல். செலவாகும் சக்திக்கு ஏற்ப உள்ளே போகாவிட்டால் எலும்பு, ஹார்மோன், தூக்கம் எல்லாம் வரிசையாகக் கெடும். முதல் அறிகுறி பெரும்பாலும் மாதவிடாய் தள்ளிப்போவது. "ஸ்போர்ட்ஸ் ஆடற பொண்ணுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று அம்மாக்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இல்லவே இல்லை. மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உடம்பின் இரும்புச் சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் உட்பட ரத்தப் பரிசோதனையும் கேட்டு வாங்க வேண்டும். பள்ளி அணியில் ஆடும் மகள்கள் உள்ள தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. அவர்களுக்கும் இதே விதிதான், தொழில்முறை லீக் வரை காத்திருக்க வேண்டாம்.

முன்சிலுவைத் தசைநார், அதாவது ஏசிஎல் காயம், ஆண்களைவிடப் பெண்களுக்கு மடங்குக் கணக்கில் அதிகம். அதே 2024 டிராஃப்டில் வந்த கேமரன் பிரிங்க் ஜூன் 18 அன்று, தன் 15ஆவது தொழில்முறை ஆட்டத்தில் அதைக் கிழித்துக்கொண்டார். திரும்பிவர 13 மாதம் ஆனது. எல்லாவற்றையும் தடுக்க முடியாது. ஆனால் ஒற்றைக் காலில் குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயாமல் பழக்கும் பயிற்சிகள் அபாயத்தைக் கணிசமாகக் குறைக்கின்றன. வாரம் மூன்று நாள், கால் மணி நேரம், வார்ம்-அப்போடு சேர்த்தே செய்யலாம்.

கடைசிக் கல்லூரி ஆண்டில் இருப்பவர்கள் என்னிடம் வந்தால் டிசம்பரிலேயே காலண்டரை எடுக்கச் சொல்வேன். கடைசி ஆட்டம் முடிந்த நாளிலிருந்து பத்து நாள் பந்தைத் தொடக் கூடாது. நடை, நீச்சல், தூக்கம் போதும். அடுத்து முகாம் வரை கனமான எடைப் பயிற்சியும், வேகத்தில் ஓடிச் சட்டென்று நிற்கும் பயிற்சியும். ஏஜெண்டிடம் விளம்பர வேலைகளை அந்தப் பத்து நாளுக்கு வெளியே தள்ளச் சொல்ல வேண்டும். இதில்தான் அதிகம் சண்டை வரும்.