ஆவணப்படமா, விவரணப்படமா?

கிளிநொச்சிப் பக்கத்து ஊர் ஒன்றில், சனசமூக நிலையச் சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தோம். 'ஆவணப்படம் திரையிடல், சனி மாலை 6 மணி.' கதிரைகளை அடுக்கிக்கொண்டு இருக்கும்போதே ஒரு அம்மா வந்துவிட்டார். கையில் மடித்துச் சுற்றிய சொப்பிங் பை. உள்ளே இன்னொரு பை. அதற்குள்ளே காணிப் பெர்மிற், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மழைநீர் பட்டு மை கரைந்த குடும்ப அட்டை.

"தம்பி, ஆவணம் பதியிறது இங்கயோ? ஆரிட்டக் குடுக்கிறது?"

அரச அலுவலர் ஊருக்கே வந்து பதிவு வேலை செய்யும் நடமாடும் சேவை என்று நினைத்து வந்திருக்கிறார். அவரைப் பிழை சொல்ல முடியாது. வன்னியில் ஆவணம் என்றால் அதுதான். இங்கே ஏராளமான காணிகள் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப்பத்திரத்தோடு கொடுத்த பெர்மிற் காணிகள். அந்தத் தாள் இல்லாவிட்டால் வேலி இருந்தும் காணி இல்லை. இடம்பெயரும்போது பானை சட்டியை விட்டாலும் இந்தப் பையை விடாமல் கொண்டுபோன சனம்.

டொக்கியுமென்ரறிக்கு ஆவணப்படம் என்று நாம் வைத்த சொல்லில்தான் பிழை இருக்கிறதா என்று அன்றிரவு யோசிக்கத் தொடங்கியதுதான் இந்தக் குறிப்பு.

டொக்கியுமென்ரறி என்ற சொல்லின் அடி இலத்தீன். 'டொசேரே' என்றால் கற்பித்தல். அதிலிருந்து வந்த 'டொக்குமென்ரும்' முதலில் பாடம், படிப்பினை, சான்று என்றெல்லாம் பொருள்பட்டது. அதிகாரம் வாய்ந்த எழுத்துத் தாள் என்ற பொருள் பிறகு ஏறியது. அதை ஆங்கிலச் சினிமாப் பேச்சுக்குக் கொண்டுவந்தவர் ஸ்கொட்லாந்துக்காரரான படத் தயாரிப்பாளர் ஜோன் கிரியர்சன். ரொபேர்ட் ஃபிளாகர்ட்டி சமோவாத் தீவில் எடுத்த படத்தைப் பற்றி 1926 பெப்ரவரியில் நியூயோர்க் பத்திரிகை ஒன்றில் எழுதியபோது, அதற்கு டொக்கியுமென்ரறிப் பெறுமதி உண்டு என்றார். பிரெஞ்சுக்காரர் தங்கள் பயணப் படங்களுக்கு இந்தச் சொல்லை முன்பே வைத்திருந்தார்கள். ஆனால் ஆங்கிலத்தில் அது ஒட்டிக்கொண்டது கிரியர்சனால்தான். பின்னாளில் அவர் கொடுத்த வரைவிலக்கணமோ 'நடப்பைப் படைப்பாகக் கையாளுதல்' என்பது. படைப்பு என்று சொன்னவுடனேயே அது அத்தாட்சித் தாள் இல்லை என்று ஆகிவிடுகிறதே!

இலங்கைக்கு இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. கிரியர்சன் தயாரிப்பில் பசில் ரைற் 1934இல் இங்கே வந்து எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' படத்துக்குக் காசு கொடுத்தது தேயிலைப் பிரசாரச் சபை. படத்தில் பின்னணியாக வாசிக்கப்படுவது ஆங்கிலேய மாலுமி ரொபேர்ட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி எழுதி 1681இல் வெளிவந்த நூல். கண்டியில் சிறைப்பட்டிருந்த அந்த நொக்ஸ், 1679இல் தப்பி அருவியாற்றங்கரைக் காடு வழியாக நடந்து மன்னார்க் கரையிலுள்ள அரிப்புக்குப் போய்ச் சேர்ந்தவர். அதாவது வன்னிக் காட்டுக்குள்ளால். அழகான படம், சந்தேகமில்லை. ஆனால் தேயிலை விற்க எடுத்த படத்தை ஆவணம் என்று ஒருவர் நீட்டினால், எதற்கு ஆவணம் என்று கேட்கத்தான் வேண்டும்.

இனி நம் சொல்லுக்கு வருவோம். ஆவணம் பழைய சொல். கடைத்தெரு என்றும் ஒரு பொருள் உண்டு. அது வடமொழி 'ஆபண'த்தின் வழி வந்தது. நமக்கு வேண்டியது மற்றப் பொருள். அகநானூற்றின் 77ஆம் பாட்டில் 'பொறிகண்டு அழிக்கும் ஆவண மாக்கள்' வருகிறார்கள். குடத்தைக் கட்டிய கயிற்றின் முத்திரையைப் பார்த்து, உடைத்து, உள்ளே கிடக்கும் ஓலையை எடுப்பவர்கள். சோழர் கல்வெட்டுகளில் 'ஆவணக்களரி' உண்டு, பத்திரம் பதியும் இடம். சுந்தரரின் திருமணத்தில், இவன் எனக்கு அடிமை என்று கிழவராக வந்த சிவன் நீட்டிய ஓலையும் இந்த வகைதான். சுந்தரர் கிழித்துப் போட்டது படியோலை. மூல ஓலை கிழவரிடம் பத்திரமாக இருந்தது. போட்டோக் கொப்பி வேறு, ஒறிஜினல் வேறு என்று கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், நின்று பழகிய நமக்கு அந்தக் கிழவரை நன்றாகவே விளங்கும்.

முத்திரை, பதிவு, மூலம், சான்று. ஆயிரம் வருடத்துக்கு மேலாக ஆவணம் சுமந்து வந்தது இவற்றைத்தான். படத்தோடு அது சேர்ந்ததெல்லாம் நேற்று.

இலங்கைப் பத்திரிகைத் தமிழில் பழகிய சொல் விவரணப்படம். விவரணத் திரைப்படம் என்றும் எழுதுவார்கள். 'விவரண' வடமொழி, மூடியதைத் திறத்தல், விரித்துக் காட்டுதல் என்பது அதன் அடிப்பொருள். விவரி, விவரம் எல்லாம் ஒரே குடும்பம். விபரம் என்று எழுதிப் பழகிய கை விபரணப்படம் என்றும் எழுதிவிடும். மூலத்தில் இருப்பது வகரம். சிங்களத்தில் 'வார்த்தா சித்திரபட்டிய', அதாவது செய்தி அறிக்கைப் படம். அது எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை, கூட்டக் குறிப்பு வாசிப்பதுபோல் இருக்கிறது.

சரி, எதை எடுப்பது? தமிழ்நாட்டு வழக்கின் பலத்தால் ஆவணப்படம் இங்கும் வென்றுவிட்டது. திரைப்பட விழா, குறும்படப் போட்டி எல்லாவற்றிலும் அதுதான். என்றாலும் நான் இரண்டையும் பிரித்தே வைப்பேன். 2017இல் கேப்பாப்புலவில் காணிக்காகப் போராட்டம் இருந்த சனத்தையும், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தொடங்கிய போராட்டத்தையும் நாள் குறித்து, வெட்டாமல் எடுத்து வைத்த பதிவு ஆவணம். அதைச் செய்வது ஆவணப்படுத்தல், வைக்கும் இடம் ஆவணகம். அதே காட்சிகளை ஒருவர் தெரிந்தெடுத்து, வெட்டி, இசை சேர்த்து, இதை நான் இப்படிப் பார்க்கிறேன் என்று விரித்தால் அது விவரணப்படம். இரண்டாவது குறைந்தது என்றில்லை. ஆனால் அதைக் கொண்டுபோய்ச் சான்று என்று வைத்தால், வெட்டினது எங்கே என்று கேட்பார்கள்.

அந்த அம்மா அன்று முழுப் படமும் இருந்து பார்த்தார். முடிந்ததும் பையை மறுபடி சுற்றிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இதைக் காட்டிக் காணி எடுக்கேலாது என்ன?" என்றார். ஏலாது என்றேன்.

அடுத்த அறிவித்தலில் 'விவரணப்படம்' என்று எழுதினோம். பையோடு ஒருவரும் வரவில்லை. பொடியள் நாலு பேர் சைக்கிளில் வந்து, விஜயின் புதுப் படமோ என்று கேட்டார்கள்.