ஊடுபால் வேறு, திருநங்கை வேறு

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துப் பக்கம் விளையாட்டு பேசுகிறவர்களிடம் சாந்தி சௌந்தரராஜன் பெயரை எடுத்தால், "அவங்க திருநங்கைதானே?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்ணாகவே பிறந்து பெண்ணாகவே வளர்ந்தவர், 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார், அப்புறம் பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். இவரைப் போன்றவர்களுக்கான சொல்தான் இன்டர்செக்ஸ். குரோமோசோம், உறுப்பு, ஹார்மோன் இவற்றில் ஏதோ ஒன்று ஆண், பெண் என்ற வழக்கமான கணக்கில் அடங்காமல் பிறவியிலேயே அமைந்தவர்கள்.

'இன்டர்' லத்தீன், நடுவே என்று பொருள். இந்தச் சொல்லை இப்போதைய பொருளில் 1917-இல் பரப்பியவர் ரிச்சர்டு கோல்ட்ஷ்மிட் என்ற ஜெர்மன் உயிரியலாளர், அதுவும் அந்துப்பூச்சிகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது! தடகள அமைப்புகள் இதை டி.எஸ்.டி. என்கின்றன, அதாவது பால் வளர்ச்சி வேறுபாடு.

தமிழில் இடையிலிங்கம், இடைப்பால் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு ஊடுபால்தான் பிடித்திருக்கிறது. மானாவாரிக் காட்டில் கடலைக்கு நடுவே துவரை போட்டால் ஊடுபயிர் என்கிறோமே, அதே ஊடு. (ஊடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) பால் என்பது பகுதி, பிரிவு, ஐம்பால் இலக்கணம் படித்தவர்களுக்குப் புதிதல்ல.

திருநங்கை என்ற சொல்லைக் கொடுத்தவர் என்று சொல்லப்படும் பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் மதுரைக்காரர். ஆணாகப் பிறந்ததாகப் பதிவாகி, பெண்ணாக வாழ்கிறவருக்கான சொல் அது. இரண்டையும் குழப்பினால் விளையாட்டு விதியே புரியாது.

மகளிர் பிரிவு தனியாக இருப்பதற்கே காரணம் பருவ வயதில் டெஸ்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் தரும் உயரம், தசை, எலும்பு வலு. ஓட்டத்தில் உச்ச நிலை ஆண்களுக்கும் பெண்களுக்கும் பத்து சதவீதம் அளவுக்கு இடைவெளி உண்டு, அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. 2023 மார்ச்சில் உலகத் தடகள அமைப்பு இரண்டு தனி முடிவுகள் எடுத்தது: ஆண் பருவ வளர்ச்சியைக் கடந்த திருநங்கைகளுக்குச் சர்வதேச மகளிர் பிரிவில் இடமில்லை, ஊடுபால் வீராங்கனைகள் ரத்தத்தில் டெஸ்டோஸ்டீரோனை லிட்டருக்கு 2.5 நானோமோலுக்குக் கீழே 24 மாதம் வைத்திருந்தால் ஓடலாம். சரியோ தப்போ, ஆளுக்கு ஒரு விதியாவது இருந்தது. 2025 செப்டம்பரில் எஸ்.ஆர்.ஒய். மரபணுச் சோதனை வந்தபோது அந்தப் பிரிப்பும் போய்விட்டது. ஒய் குரோமோசோமில் உள்ள அந்த மரபணு இருக்கிறதா என்று மட்டும்தான் சோதனை பார்க்கும், ஒருவர் எப்படிப் பிறந்தார், எப்படி வளர்ந்தார் என்பது அதற்குத் தெரியாது. உடல் டெஸ்டோஸ்டீரோனுக்குக் கொஞ்சமும் எதிர்வினை காட்டாதவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு, ஆனால் அதை அந்தப் பெண்தான் மருத்துவச் சான்றோடு நிரூபிக்க வேண்டும்.