மணிக்கட்டைப் பிடித்தால் மனம் தெரியுமா? ஹனுசன் செய்த வித்தை

எரிக் யான் ஹனுசன் தன்னை டென்மார்க் பிரபு என்று சொல்லிக்கொண்டார். உண்மையில் அவர் 1889இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்த ஹெர்மன் ஸ்டைன்ஷ்னைடர். பெர்லின் மேடைகளில் பிறர் மனதை வாசித்து, ஆவி அமர்வுகள் நடத்திப் பெரும்பணம் சேர்த்தார். மேடையில் அவர் காட்டியதில் பெரும்பகுதி எங்கள் மேடை வித்தைத் தொழிலில் பழக்கமான வேலைதான்.

ஒளித்த ஊசியைக் கண்டுபிடிப்பதை எடுத்துக்கொள்வோம். ஊசி இருக்கும் இடம் தெரிந்த ஒருவர் வித்தைக்காரரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வாய் திறக்காமல், 'இடது, வலது, நில்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வர வேண்டும். வித்தைக்காரர் அரையடி முன்னே விறுவிறுவென நடப்பார். தப்பான பக்கம் திரும்பினால் பிடித்த கை இம்மியளவு இழுக்கும். சரியான பக்கம் என்றால் தளர்ந்து கூடவே வரும். இழுப்பது பிடித்தவருக்கே தெரியாது. குழப்பம் வந்தால் வித்தைக்காரர் நின்று, கையை இருபுறமும் லேசாக ஆட்டிப் பார்ப்பார். கையைத் துவளவிடுபவரிடமும் வேண்டுமென்றே விறைப்பவரிடமும் இது எடுபடாது. 'உங்களுக்கு மனம் ஒருமுகப்படவில்லை' என்று அவர்களை மரியாதையாக இறக்கிவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். சோதிக்க வேண்டுமா? இடம் தெரியாதவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். தெரிந்தவர் தள்ளி உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருக்கட்டும். வழிகாட்டும் கை இல்லாமல் வித்தை நின்றுவிடும்.

ஒட்டிய உறையைப் பிரிக்காமல் படிப்பது இன்னொரு பழைய வித்தை. பத்து உறைகளில் ஒன்று கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் சொந்த ஆளுடையது. அது அடுக்கின் அடியில் இருக்கும். மேலே உள்ள முதல் உறையை வித்தைக்காரர் நெற்றியில் வைத்து, ஏதோ ஒரு கேள்வியைச் சொல்வார். சொந்த ஆள் எழுந்து 'என்னுடையதுதான்' என்பார். 'சரிபார்ப்பதற்காக' உறையைப் பிரிக்கும்போது, அதில் இருக்கும் வேறொருவரின் கேள்வியைப் படித்துவிடுவார். இரண்டாம் உறையை நெற்றியில் வைத்துச் சொல்வது அந்தக் கேள்வியைத்தான். இப்படியே ஒன்று முந்திப் போய்க்கொண்டிருக்கும். சொன்ன உறையைப் பிரிக்காமல் எழுதியவர் கையிலேயே கொடுக்கச் சொன்னால் ஆட்டம் நின்றுவிடும்.

செக்கோஸ்லோவாக்கியாவின் லைட்மெரிட்ஸ் நீதிமன்றத்தில் ஹனுசன்மீது மோசடி வழக்கு நடந்தது. 1930இல் விடுதலையானார். மோசடி நிரூபணமாகவில்லை என்பது வேறு, சக்தி நிரூபணமானது என்பது வேறு. கூட்டம் இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டது. அதைவிட நல்ல விளம்பரம் அவருக்குக் கிடைத்திருக்காது.

இன்றும் அவருக்குச் சான்றாகக் காட்டப்படுவது ஒரு தீ. 1933 பிப்ரவரி 26 அன்று பெர்லினில் அவருடைய 'மாந்திரிக மாளிகை' திறப்பு விழாவில் பெரிய கட்டடம் ஒன்று எரிவதாகக் குறி சொல்லப்பட்டது என்பார்கள். மறுநாள் இரவு ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடமான ரைஷ்டாக் எரிந்தது. இங்கேயும் நாங்கள் கேட்பது அதே கேள்விதான்: தெரிந்தவர் கை எங்கே இருந்தது? நாஜிக் கட்சியின் அடியாள் படையான எஸ்.ஏ.வின் தலைவர்கள் அவர் வீட்டில் விருந்துண்டவர்கள், அவரிடம் கடன் வாங்கியவர்கள். அங்கிருந்துதான் துப்பு வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வருவதற்கு வழி இருந்தது.

மார்ச் 24 அன்று எஸ்.ஏ. ஆட்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏப்ரலில், பெர்லினுக்குத் தெற்கே பாருட் போகும் சாலையருகே காட்டில் உடல் கிடைத்தது.