கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிரிக்காதீர்கள்

எங்கள் ஸ்டுடியோவுக்குச் சீரமைக்க வரும் பழைய குடும்பப் படங்களில் கணிசமானவை காலத்தால் கெட்டவை அல்ல. ஸ்கேன் செய்வதற்காக வீட்டார் ஆயத்தப்படுத்தியபோது கெட்டவை. அண்மையில் ஒருவர், கூடத்தில் மாலையிட்டு மாட்டியிருந்த தம் தாத்தாவின் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்தார். பாதி முகம் தாளில் இருந்தது, மீதி கண்ணாடியில்.

கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம், தாளின்மேல் பூசப்பட்ட ஜெலட்டின் படலத்துக்குள் நுண்ணிய வெள்ளித் துகள்களாகத் தங்கியிருக்கிறது. ஜெலட்டின் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இளகும் இயல்புடையது. அந்தக் காலச் சட்டங்களில் படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் அட்டை விளிம்பு வைப்பது அரிது என்பதால், ஒவ்வொரு மழைக்காலத்திலும் படலம் இளகி, மீண்டும் உலர்ந்து, கண்ணாடியோடு ஒட்டிப்போகிறது. சாய்த்துப் பார்க்கும்போது சில இடங்கள் மட்டும் நனைந்ததுபோல் தெரிந்தால் அங்கே ஒட்டியிருக்கிறது என்று பொருள். அதைக் கத்தியால் நெம்பவோ தண்ணீரில் ஊறவைக்கவோ கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே படமெடுக்க வேண்டும்.

இதற்கு ஸ்கேனரைவிடக் கேமராவே ஏற்றது. பிரிண்டரோடு சேர்ந்து வரும் மெல்லிய ஸ்கேனர்களில் பெரும்பாலானவை தம் கண்ணாடியைத் தொட்டுக் கிடக்கும் தாளை மட்டுமே கூர்மையாகப் பதிவு செய்யும். சற்று உயர்ந்திருந்தாலும் மங்கிவிடும். சந்தனம், குங்குமக் கறைகளை, பிழிந்த துணியால் வெளிப்புறம் மட்டும் துடையுங்கள்; கண்ணாடியின்மேல் நேரடியாக எதையும் தெளித்தால் நீர் ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும். இரு பக்கங்களிலிருந்தும் ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் விளக்கு வைத்து, ஃபிளாஷை அணைத்து, லென்ஸ் அளவுக்குத் துளையிட்ட கறுப்புத் துணியைக் கேமராவுக்கு முன்னால் தொங்கவிட்டால், உங்கள் பிம்பமே கண்ணாடியில் விழும் தொல்லை நீங்கும்.

பசை பூசிய பக்கங்களும் பிளாஸ்டிக் உறையும் கொண்ட ஆல்பங்களில் படத்தின் மூலையைப் பிடித்து இழுப்பதே வழக்கமான தவறு. டென்டல் ஃபிளாஸ் நூலைப் படத்துக்கு அடியில் நுழைத்து, அறுப்பதுபோல் மெல்ல நகர்த்திப் பாருங்கள். வரவில்லையென்றால் பிடிவாதம் வேண்டாம். உறையை மட்டும் விலக்கிவிட்டுப் பக்கத்தை முழுதாக ஸ்கேன் செய்யுங்கள். தூசியை மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டினால் போதும். கையால் வண்ணம் தீட்டிய படங்களில் ஈரத்துணி பட்டால் சேலையின் சிவப்பும் உதட்டின் சிவப்பும் துணியோடு போய்விடக்கூடும்.

4 × 6 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகள், போதும். 2400 × 3600 பிக்சல் கிடைக்கும். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200 வைக்கலாம். அதற்கு மேல் போனால், பெரும்பாலும் தாளின் நாரைத்தான் பெரிதாக்குகிறீர்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள்; பழுப்புக் கறையை உருவத்திலிருந்து பிரித்தெடுக்க அந்த நிற வேறுபாடுதான் பின்னால் உதவும். 1970களின் வண்ணப் படங்கள் பல சிவந்துபோயிருப்பது நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவதால்தான்; அதைத் திருத்த ஸ்கேனரின் தானியங்கித் திருத்தத்தை நம்பாமல், முதல் பதிவை, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாக அப்படியே சேமித்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள். படத்தின் பின்புறத்தையும் பதிவு செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் யாரோ பென்சிலில் எழுதிய தேதியும், படத்தில் இருப்பவர் யார் என்று கண்டுபிடிக்கப் பலமுறை எனக்கு உதவியிருக்கின்றன. உறவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது புகைப்படமாக அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

முகத்தை ஒரே தட்டலில் தெளிவாக்கும் செயலிகளைப் பற்றி அநேகமாக எல்லோரும் கேட்கிறார்கள். மங்கிய கண்ணை அவை மீட்பதில்லை. வேறு எங்கோ கற்ற கண்களைக் கொண்டு புதிதாக ஒன்றை வரைகின்றன. அழகாகத்தான் இருக்கும், ஆனால் தாத்தாவாக இருக்காது. அந்த வாடிக்கையாளரின் படத்தில், தாளில் இருந்த பாதியையும் கண்ணாடியில் இருந்த பாதியையும் தனித்தனியே படமெடுத்துக் கணினியில் இணைத்தேன். மூக்கின் ஓரமாக ஒரு வெண்கோடு எஞ்சியது. அதை அப்படியே விட்டுத்தான் கொடுத்தேன்.