24 மணி நேரம் எப்போது தொடங்குகிறது?

ராத்திரி வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "சார், விசாரணைன்னு கூட்டிட்டுப் போனாங்க. நேத்து மதியம் போனவன் இன்னும் வரலை." கைது என்று சொன்னார்களா என்று கேட்டால், "இல்ல சார், சும்மா விசாரணைதானாம்."

இந்தச் 'சும்மா'வுக்கு இடமே இருக்கக் கூடாது என்றுதான் அம்பேத்கர் 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஒரு புதிய பிரிவைக் கொண்டுவந்தார். இன்றைய பிரிவு 22 அது. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இதெல்லாம் அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருந்ததே, புதிதாக எதற்கு? அங்கே இருந்தால் சட்டமன்றம் நினைத்தபோது எடுத்துவிடலாம், அரசமைப்பில் வைத்தால் முடியாது என்பது அவர் பதில். ஆளும் கட்சி யாராக இருந்தாலும் நம்பிவிடாத மனிதர்! ஆனால் குற்றம் செய்துவிடக்கூடும் என்று முன்கூட்டியே அடைத்துவைக்கும் தடுப்புக் காவலுக்கு விலக்கு கொடுத்ததும் அதே பிரிவுதான். குண்டாஸில் உள்ளே போனவருக்கு இந்த 24 மணி நேரக் கணக்கு கிடையாது.

கைதான ஒரு பையனைக் காவலில் வைக்க உத்தரவு கேட்ட ரிமாண்டில், கைதுக் குறிப்பில் மாலை ஐந்தரை என்று இருந்தது. பையனின் அண்ணன் என்னை அழைத்ததோ முந்தின நாள் மூன்று மணிக்கு. மாஜிஸ்திரேட் கேட்டார்: "எப்பப்பா கூட்டிட்டு வந்தாங்க?" பையன் பக்கத்தில் நின்ற காவலரை ஒரு பார்வை பார்த்தான். "இன்னைக்குச் சாயங்காலம்தாங்கய்யா."

அப்புறம் நான் என்ன வாதாடி என்ன? காகிதத்தில் எழுதிய நேரமல்ல, ஆளைக் கட்டுப்பாட்டில் எடுத்த நேரமே கணக்கு என்று உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு. ஆனால் அந்த நேரத்துக்குச் சான்று வேண்டுமே. முன்பெல்லாம் உடனே தந்தி அடிக்கச் சொல்வோம். 2013-இல் தந்தி சேவையே போய்விட்டது. இப்போது எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல், கூடவே விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்). யார், எங்கிருந்து, எத்தனை மணிக்குக் கூட்டிப் போனார்கள் என்று நாலு வரி போதும்.

அந்த நாலு வரிதான் பிறகு, ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவுக்கு முதுகெலும்பு. உச்ச நீதிமன்றத்தை நேரடியாக நாடும் உரிமையான பிரிவு 32-ஐ அரசமைப்பின் ஆன்மா, இதயம் என்றார் அம்பேத்கர். அதே மனுவைப் பிரிவு 226-இன் கீழ் சென்னையிலோ மதுரையிலோ உயர் நீதிமன்றத்தில் போடலாம். வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் 15100-ஐ அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.