நீளத் திருகு ஏன் துள்ளுகிறது?

கோவையில் மரவேலைப் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர், கதவுகளில் பூவேலை செதுக்கச் கணினி சொல்படி தானே செதுக்கும் சிஎன்சி ரவுட்டர் ஒன்றைச் சொந்தமாகக் கட்டியிருக்கிறார். எட்டுக்கு நாலு ப்ளைவுட் ஷீட் அப்படியே படுக்கும் அளவு. வெட்டும் கருவியைத் தாங்கிக் குறுக்கே நிற்கும் பாலமான கேன்ட்ரி சுமார் 30 கிலோ. அது நீளவாக்கில் ஓட, இரு பக்கமும் 2.4 மீட்டர் நீளத்தில் பால் ஸ்க்ரூ, அதாவது நட்டுக்குள் குண்டுகள் உருளும் திருகு. திருகு சுழன்றால் நட்டு நகர்ந்து கேன்ட்ரியை இழுக்கும். தடிமன் 16 மி.மீ., லீடு (ஒரு சுற்றுக்கு நட்டு நகரும் தூரம்) 10 மி.மீ. "நடுவுல நல்லா ஓடுது சார். நிமிஷத்துக்கு 4 மீட்டர் வெச்சா ரெண்டு ஓரத்துலயும் தண்டு படபடன்னு துள்ளுது. எனக்கு 8 மீட்டர் வேணும். பெரிய மோட்டார் போடணுமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம். இன்னும் பெரிய மோட்டார் போட்டால் இன்னும் நன்றாகத் துள்ளும்.

இந்தத் திருகைச் சுழற்றும் வழக்கமான ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி எடுத்து வைக்கும். லீடு 10 மி.மீ. என்றால் அடிக்கு 0.05 மி.மீ. நகர்வு. இந்தக் கணக்கை எல்லாரும் போட்டுவிடுகிறார்கள். தண்டு எவ்வளவு வேகம் தாங்கும் என்ற கணக்குத்தான் விட்டுப்போகிறது.

எந்த எஃகுத் தண்டும் நூல் பிடித்த நேர் கிடையாது. அதன் நிறை மையம் சுழலும் அச்சிலிருந்து 0.05 மி.மீ. விலகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். தண்டு சுழன்றதும் மையவிலக்கு விசை அந்த இடத்தை வெளியே தள்ளும், தண்டு வளையும். வளைந்த எஃகின் மீள்விசை உள்ளே இழுக்கும். வளைவு கூடக் கூட மீள்விசையும் அதே விகிதத்தில் கூடும். மையவிலக்கு விசையும் விலகலோடு கூடும். ஆனால் அது வேகத்தின் இருமடிக்கும் ஏற்ப ஏறுகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இரண்டும் சரிக்குச் சமமாக வளரத் தொடங்கிவிடும். அந்த வேகத்தில் தண்டு எவ்வளவு வளைந்தாலும் சமநிலை கிடைக்காது. இதுதான் மாறுநிலை வேகம். ஸ்கிப்பிங் கயிறு விரிவதைப் போலத் தண்டு வயிறு வைத்துச் சுழலும். தண்டின் எடை தொய்வதால் வருவது அல்ல இது. செங்குத்தாக நிறுத்திச் சுழற்றினாலும் வரும்.

மாறுநிலை வேகத்தில் பாதியில் ஓட்டினால், 0.05 மி.மீ. விலகலுக்கு வளைவு 0.017 மி.மீ. மட்டுமே. 80 சதவீதத்தில் 0.09. 90 சதவீதத்தில் 0.21. அதற்குமேல் செங்குத்தாக ஏறும். தயாரிப்பாளர்களின் அட்டவணைகள் 80 சதவீதத்தில் கோடு போடுவது இதனால்தான்.

மாறுநிலை வேகத்தைத் தாண்டவே முடியாது என்றுதான் 1869-இல் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின் எழுதினார். ஆனால் ஸ்வீடனில் பொறியாளர் குஸ்டாஃப் டி லாவல் தன் நீராவி டர்பைனுக்கு வேண்டுமென்றே மெல்லிய, வளையும் தண்டு போட்டு, மாறுநிலை வேகத்தை விரைவாகத் தாண்டிப் பல ஆயிரம் சுற்றுகளில் ஓட்டிக் காட்டினார். தாண்டியதும் தண்டு அடங்கிவிடுகிறது! அங்கே அது தன் வடிவ மையத்தை விட்டுவிட்டு, நிறை மையத்தைச் சுற்றித் தானே நேராகிக்கொள்கிறது. ஏன் என்று 1919-இல் பொறியாளர் ஜெஃப்காட் தெளிவாக எழுதிக் காட்டினார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது திகட்டுவதில்லை.

நம் ரவுட்டருக்கு அந்த வழி உதவாது. நிமிடத்துக்குப் பலமுறை நின்று கிளம்பும் இயந்திரம் ஒவ்வொரு முறையும் அந்த வேகத்தைக் கடந்தாக வேண்டும். ஒரு முனை இறுக்கியும் மறுமுனை தாங்கியும் உள்ள 16 மி.மீ. திருகுக்கு, 2.4 மீட்டர் நீளத்தில், பாதுகாப்பான வேகம் (அந்த 80 சதவீதக் கோடு) நிமிடத்துக்குச் சுமார் 340 சுற்று, அதாவது 3.4 மீட்டர். அவர் 4 மீட்டர் வைத்ததும் துள்ளியதில் வியப்பில்லை. நடுவில் மட்டும் ஏன் துள்ளவில்லை? அங்கே நட்டே தண்டைப் பிடித்துக்கொள்கிறது. தாங்கலில்லாத நீளம் பாதியாகிறது. நீளம் பாதியானால் மாறுநிலை வேகம் 4 மடங்கு. அவர் கேள்வியிலேயே நோயின் பெயர் இருந்தது.

மாறுநிலை வேகத்தின் சூத்திரத்தை நம் இயந்திரப் பொறியியல் மாணவர்கள் தேர்வில் எழுதுகிறார்கள். ஆய்வகத்தில் மெல்லிய கம்பி வில்லாக வளைந்து சுழல்வதைக் கண்ணாலும் பார்க்கிறார்கள். பிறகு ரெக்கார்டு நோட்டை மூடிவிடுகிறார்கள். விலையுயர்ந்த இயந்திரங்களை வாங்கிப் பூட்டி வைக்கும் பணத்தில் கொஞ்சத்தை, பாலிடெக்னிக் மாணவர்கள் இப்படியொரு ரவுட்டரைத் தாங்களே கட்டுவதற்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தடித்த திருகு போடலாமே? 25 மி.மீ. போட்டால் 560 சுற்று வரை போகலாம். அப்போதும் 8 மீட்டர் எட்டாது. தவிர, சுழற்றுவதற்குத் தண்டு காட்டும் எதிர்ப்பான நிலைமத் திருப்புத்திறன் தடிமனின் நான்மடியாக ஏறும். கேன்ட்ரி முழுவதையும் ஒரே மோட்டார் இழுத்தாலும், 10 மி.மீ. லீடு வழியாக அது உணர்வது சுமார் 0.76 கிலோ-செ.மீ.² மட்டுமே. அந்த 25 மி.மீ. திருகோ 7.2! மோட்டாரின் உழைப்பெல்லாம் தண்டைச் சுழற்றவே போய்விடும். திருகை அசையாமல் நிறுத்தி நட்டைச் சுழற்றுவது அழகான தீர்வு. ஆனால் நட்டுக்குத் தனி பேரிங் வீடு கடைய வேண்டும், செலவு கூடும்.

நீள அச்சுக்கு ராக் அண்ட் பினியன் போடுங்கள், அதாவது பல் வெட்டிய நீளப் பட்டையும் (ராக்) அதன்மேல் உருளும் சிறு பல்சக்கரமும் (பினியன்). மாட்யூல் (பல்லின் அளவு) 1, 20 பல் பினியன். மோட்டாருக்கும் பினியனுக்கும் நடுவே 3:1 பெல்ட். மோட்டார் ஒரு சுற்றுக்கு 20.9 மி.மீ. நகரும், 8 மீட்டருக்கு 380 சுற்று போதும். ஸ்டெப்பரின் சுருளில் மின்னோட்டம் ஏற நேரம் பிடிப்பதால் வேகம் கூடக் கூட அதன் முறுக்குவிசை சரியும். 380 அதற்கு இதமான இடம். பற்களுக்கு இடையே பிளே (தளர்ச்சி) வராதிருக்க, பினியனை ஸ்பிரிங் வைத்து ராக் மீது அழுத்துங்கள். இரு பக்கமும் தனித்தனி லிமிட் சுவிட்ச் (ஓட்டத்தின் எல்லையை உணரும் சுவிட்ச்) வைத்தால், ஒவ்வொரு முறை ஹோம் என்ற தொடக்கப் புள்ளிக்குப் போகும்போதும் கேன்ட்ரி தானே மூலைமட்டத்துக்கு வரும்.

இருக்கும் திருகுகளில் ஒன்றைப் பாதியாக அறுத்துக் குறுக்கு அச்சுக்கு வையுங்கள், 1.2 மீட்டரில் 1,360 சுற்று வரை தாங்கும். திருகின் மேற்பரப்பு கடினப்படுத்தியது, ஹாக்சா ஏறாது. கட்டிங் வீல் வேண்டும். அறுக்கும் முன் நட்டை வெறுமனே கழற்றிவிடாதீர்கள், குண்டுகள் கொட்டிவிடும். திருகின் அடிவிட்டத்துக்குச் சரியான குழாய் ஒன்றை முனையோடு ஒட்டிப் பிடித்து, நட்டை அதன் மேல் ஏற்றி எடுங்கள்.