‘அப்பு’ன்னா மலை ஆவியா?

தென் அமெரிக்காவோட ஆண்டிஸ் மலை ஓவியங்களுக்கு ‘அப்பு அவுசங்காத்தே’ன்னு பேர் வச்சிருப்பாங்க, அதை நம்மாளுங்க ‘மலை ஆவி’ன்னு தமிழ்ல எழுதிடறாங்க. என்னால ஏத்துக்கவே முடியல. ஆவின்னாலே நமக்கு செத்தவங்கதான் ஞாபகம் வருவாங்க, அப்பு உயிரோட இருக்கறவர்.

சொல்லு கெச்சுவா மொழி, ஆண்டிஸ் மக்கள் பேசறது. 1608-ல வந்த கொன்சாலெஸ் ஒல்கீன் அகராதில அப்புன்னா பெரிய பிரபு, மேல் நீதிபதி. ஸ்பெயின்காரங்க வர்றதுக்கு முன்னாடி அங்க ஆண்ட இன்கா ஆட்சியில நாலு திசைக்கும் இருந்த ஆளுநர்களுக்கும் இதே பட்டம்தான். அதாவது சொல்லோட வேர்ல மலையே இல்ல, அதிகாரம்தான் இருக்கு. பெருவுல குஸ்கோ ஊர்ப் பக்கத்து ஜனங்க 6,384 மீட்டர் உசர அவுசங்காத்தே பனிமலைய அப்புங்கறாங்க, ஏன்னா ஆத்துத் தண்ணி, கம்பளிக்கு வளர்க்கற அல்பாக்கா மந்தை, ஆலங்கட்டி மழை எல்லாம் அவர் கையில. மூணு கோக்கா இலைய விசிறி மாதிரி விரல்ல பிடிச்சு, மலையோட பேரைச் சொல்லி மெதுவா ஊதுவாங்க, அதான் வேண்டுதல். அதே ஆண்டிஸ்ல இருக்கற அய்மாரா மொழிக்காரங்க மலைய ‘அச்சாச்சிலா’ம்பாங்க, தாத்தான்னு அர்த்தம்.

இது புரிஞ்சாதான் ஓவியமும் சரியா வரும். நான் முதல்ல வரைஞ்சப்போ பனிக்கு நடுவுல ஒரு கிழவர் முகத்தை வச்சேன், பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா மலை வெறும் சட்டையா ஆயிடுச்சு, சாமி உள்ள ஒளிஞ்சிருக்கற மாதிரி. வெள்ளைய அப்பி அழிச்சிட்டேன். பொலிவியாவுல பொதோசி வெள்ளி மலைய 18-ம் நூற்றாண்டுல மாதாவா வரைஞ்ச படம் ஒண்ணு இருக்கு, வரைஞ்சவர் பேர் தெரியாது, மலையே மாதாவோட அங்கி, மேல முகம், ரெண்டு பக்கமும் கை, அந்த அங்கி மேலயே குட்டிக்குட்டியா ஆளுங்க, சுமை தூக்கற லாமா மிருகங்க, இன்கா அரசர் உவாய்னா கபாக், பக்கத்துல சூரியன், சந்திரன். சர்ச் ஆட்சியில மலைக்கு முகம் வந்தது அப்படித்தான். எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடிக்கும், ஆனாலும் அப்புவுக்கு முகம் தேவையில்ல, சிகரமே அவர்தான்.

சரி, தமிழ்ல என்ன? ‘மலைக்கடவுள்’னா நமக்கு முருகன் மாதிரி மலை மேல குடியிருக்கற சாமி. இது திருவண்ணாமலை கணக்கு, மலையே சாமி. அதனால ‘மலையாண்டவர்’னு சொல்லலாம், ஆள்றவர்ங்கற மூலப் பொருளும் அதுல அப்படியே இருக்கு.

எழுத்துலயும் கவனம் வேணும். ‘அபு’ன்னு எழுதினா அரபிப் பேர் மாதிரி வாசிச்சிடுவோம், கெச்சுவாவோட சொந்தச் சொற்கள்ல அந்த ‘b’ ஒலி கிடையாது, அதனால ‘அப்பு’ன்னு ஒத்து போட்டு எழுதுங்க. யாழ்ப்பாணத்து அப்புவுக்கும் நம்ம அப்பனுக்கும் இதுக்கும் சொந்தம் எதுவும் இல்ல, ஓசை மட்டும்தான் ஒண்ணு.